ஒரு டிக்கெட் மிச்சம்

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுகிறேன். நானும் அவரும் இங்கே சளி, காய்ச்சல் எதுவும் அண்டாமல் இருக்கிறோம். நீயும் அத்தானும் உன் மகளும் சுகம்தானே? அவள், அந்தப் பெரிய மனுஷி, இப்போதும் உன்னை அதட்டிக்கொண்டுதான் இருக்கிறாளா?

வெட்கத்தை விட்டு ஒன்று கேட்கிறேன். இவர் சிமெண்ட் கிடங்கில் கணக்கு எழுதுகிறவர், ஊரார் கணக்கெல்லாம் இவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் எங்கள் வீட்டுக் கணக்கு மாதம் இருபதாம் தேதிக்கு மேல் நகர மாட்டேன் என்கிறது. கல்யாணமான புதிதில் இது ஒரு விளையாட்டு மாதிரி இருந்தது. இப்போது இருபதாம் தேதி வந்தால் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. போன வாரம் முட்டை வாங்கினேன். "எதுக்கு ஆறு? நாலு போதாதா?" என்றார். நான் இரண்டு முட்டையைத் திரும்பக் கொண்டுபோய்க் கடையில் வைத்துவிட்டு வந்தேன். கடைக்காரர் சிரித்தார். அதுதான் வயிற்றெரிச்சல்.

கீழ்வீட்டு அம்மா, அதுதான் வீட்டுச் சொந்தக்காரி, நாங்கள் குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டாலே மோட்டாரை நிறுத்திவிடுகிறாள். இந்த மாடியில் இன்னும் எத்தனை காலம் என்று தெரியவில்லை.

நீ ரொட்டி வண்டி ஓட்டுகிறவரைக் கட்டிக்கொண்டு, அதுவும் அத்தான் மாதிரி ஒரு தர்மப்பிரபுவைக் கட்டிக்கொண்டு, எப்படிச் சமாளிக்கிறாய்? வழியில் பார்க்கிற பிள்ளைகளுக்கெல்லாம் ரொட்டியைத் தூக்கிக் கொடுத்துவிட்டுச் சம்பளத்தில் பிடித்தம் வாங்கிக்கொண்டு வருகிற மனிதர். ஆனாலும் நீ யாரிடமும் கை நீட்டி நான் பார்த்ததில்லை. அந்த ரகசியத்தைக் கொஞ்சம் எழுது. உன்னைக் கஞ்சப் பிசினாறி என்று நான் கேலி செய்ததையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

பதிலை எதிர்பார்த்து,
உன் தங்கை


ஜனவரி 24

என் செல்லத் தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். உன் கடிதத்தைப் பார்த்து நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். எல்லோரும் நன்றாக இருக்கிறோம். நீ மெலியாமல் இருக்கிறாயா?

போனில் கேட்டிருக்கலாமே என்று உன் அத்தான் சொன்னார். போன் என்றால் நாம் இரண்டு பேரும் வாயை மூட மாட்டோம், ஒரு வாரக் காய்கறிக் காசு பேச்சில் போய்விடும். தபால்தலைக்கு அந்த வம்பு இல்லை. இதையே முதல் பாடமாக வைத்துக்கொள்.

சம்பளம் வந்த அன்று கடைப் பக்கமே போகாதே. அன்றைக்கு எல்லாமே விலை குறைந்த மாதிரி தெரியும். மறுநாள் போ, சாப்பிட்டுவிட்டுப் போ. பசியோடு போனால் கை சும்மா இருக்காது. சந்தைக்கு மூடுகிற நேரத்தில் போனால் கோணல் காரட்டும் வெடித்த தக்காளியும் பாதி விலைக்குக் கிடைக்கும். வயிற்றுக்குள் போனபின் எது கோணல், எது நேர்? சோப்புக்கட்டியை வாங்கியதும் உறையைப் பிரித்து ஜன்னலில் காயவை. இறுகிய சோப்பு சீக்கிரம் கரையாது. எண்ணெய்ப் பாட்டிலின் மூடியில் ஊசியால் துளை போட்டுவிடு, வாயை அகலத் திறந்து ஊற்றாதே. படுக்கை விரிப்பு நடுவில் நைந்தால் தூக்கிப் போடாதே. நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து, ஓரங்களை நடுவுக்குக் கொண்டுவந்து தைத்தால் இன்னும் இரண்டு வருஷம் உழைக்கும்.

முக்கியமானது இது. மாப்பிள்ளையிடம் "காசு இல்லை" என்று சொல்லாதே. "இந்த மாசம் வேண்டாம்" என்று சொல். ஆண்களுக்கு முதல் வார்த்தை குத்தும், இரண்டாவது குத்தாது.

பெரிய மனுஷிக்குக் கட்டட வரைபடப் படிப்பில் இடம் கிடைத்துவிட்டது. இரண்டு வருஷம். கட்டணம் மூச்சை முட்டுகிறது, ஆனாலும் சேர்த்துவிட்டோம். மேசை இல்லாததால் கதவைக் கழற்றிப் போட்டு வரையட்டும் என்றார் உன் அத்தான். நல்லவேளை, வாசல் கதவைச் சொல்லவில்லை.

அவருக்குத்தான் செருப்புச் செலவு வந்திருக்கிறது. போன வருஷம் வாங்கியது காலில் ஏற மாட்டேன் என்கிறது. "எனக்கு இன்னும் கால் வளருது" என்கிறார். மழையில் நனைந்து சுருங்கியிருக்கும் என்று சொல்லி, வாரை நீட்டித் தைத்துக் கொடுத்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா


மார்ச் 3

அன்புள்ள அக்கா,

நாங்கள் நலம். அத்தானின் கால் இன்னும் வளர்கிறதா?

உன் பாடங்களைச் சுவரில் ஒட்டாத குறைதான். போன மாதம் முதல்முறையாக இருபத்தெட்டாம் தேதி எங்கள் கையில் காசு இருந்தது. இவர் நம்பவில்லை, என் பைக்குள் கைவிட்டுப் பார்த்தார். நாங்கள் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து திருட்டுப் பிள்ளைகள் மாதிரி சிரித்தோம். இப்போது எனக்கு இது பைத்தியமாகவே பிடித்துவிட்டது. பற்பசைக் குழாயை நடுவில் வெட்டி வழிக்கிறேன். ஒரு அடுப்பிலிருந்து இன்னொன்றைக் காகிதத்தால் பற்றவைக்கிறேன். இவருக்கு நானே முடி வெட்டிவிட்டேன். கிடங்கில் இரண்டு நாள் தொப்பியோடு இருந்தாராம்.

இன்னொன்று, உனக்கு மட்டும். பெரிய சாலைக்குப் பின்னால் புதிதாக ஒரு அடுக்குமாடி எழும்புகிறது. இரண்டு அறை, ஒரு சமையலறை, நாம் திறந்தால் வருகிற குழாய். ஞாயிற்றுக்கிழமைகளில் போய் வெறும் தூண்களைப் பார்த்துவிட்டு வருகிறோம். காவலாளிக்கு எங்கள் முகம் பழகிவிட்டது. முன்பணத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கிறோம். இவர் அலுவலகத்தில் கிடைத்த ஊக்கத்தொகையையும் தொடவில்லை. கண்பட்டுவிடும், யாரிடமும் சொல்லாதே. இதெல்லாம் நீ போட்ட பிச்சை, அக்கா.

சீக்கிரம் எழுது. இன்னும் நிறைய யோசனை வேண்டும்.

உன் தங்கை


ஏப்ரல் 19

அன்புத் தங்கைக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே. நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்ததைப் படித்து எனக்கு மனசு நிறைந்துவிட்டது. வீடு கட்டாயம் அமையும்.

கேட்டாயே, எழுதுகிறேன். பருப்பை முதல்நாளே ஊறவைத்தால் பாதி எரிவாயு மிச்சம். பாத்திரத்தை மூடியே வை, வேகுமுன்பே அடுப்பை அணைத்துவிடு, மீதியை அந்தச் சூடு பார்த்துக்கொள்ளும்.

உன் அத்தானுக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லையாம். காலில் இருந்தது வீக்கம். வண்டி ஓட்டும்போது ஒருநாள் கண் இருட்டிக்கொண்டு வந்து, ஓரமாக நிறுத்திவிட்டு அங்கேயே சாய்ந்துவிட்டார். வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், டயாலிசிஸ் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்கிறார்கள். அரசு ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்திருக்கிறோம், வரிசை நீளம். அதுவரைக்கும் ஒரு தனியார் மையத்தில், ஒவ்வொரு தடவையும் பணம் கட்டி. ரொட்டிக் கம்பெனியில் முதலில் உட்கார்ந்து செய்கிற வேலை தருவதாகச் சொன்னார்கள். பிறகு கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள்.

நீ பதறாதே. நான் ஒரு சலவை நிலையத்தில் சேர்ந்திருக்கிறேன். விடுதிகளின் படுக்கை விரிப்புகள் வருகின்றன. துவைத்த விரிப்பை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, உருளுகிற சூட்டு மெஷினுக்குள் விட வேண்டும். சுருக்கம் விழுந்தால் திரும்ப நனைக்கச் சொல்வார்கள். கை பழகிவிட்டது. கிழிந்த விரிப்புகளை எங்களுக்கே சல்லிசாகக் கொடுத்துவிடுவார்கள்.

உனக்குத் தெரிந்திருக்க வேண்டுமே என்று எழுதினேன், வேறொன்றுமில்லை. மாப்பிள்ளையிடமும் சொல்லிவிடு. நேரம் கிடைக்கும்போது பதில் போடு.

அக்கா


ஜூன் 28

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்ததிலிருந்து தினமும் எழுத உட்காருவேன், கை ஓடாது. பிறகு எனக்கு வைரஸ் காய்ச்சல், இவருக்குக் கிடங்கில் கணக்கு முடிக்கிற சமயம், இப்படியே நாள் போய்விட்டது. அத்தான் இப்போது எப்படி இருக்கிறார்? இந்தக் காலத்தில் எதற்கும் மருந்து இருக்கிறது அக்கா, நீ தைரியமாக இருக்க வேண்டும். இவருடைய மேலதிகாரியின் அண்ணன் பத்து வருஷமாக மெஷினில்தான் இருக்கிறாராம், கல்யாணம் காட்சிக்கெல்லாம் போய்வருகிறாராம்.

எங்களுக்கும் இந்த வருஷம் கையைக் கடிக்கிறது. இல்லையென்றால் நான் இப்படிச் சும்மா இருப்பேனா? உனக்கே தெரியும். இதோடு வைத்திருக்கும் பணம் அத்தானுக்குப் பழம் வாங்க. சிறியதுதான், தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

ஒரு சின்னச் சந்தேகம். அந்தக் கிழிந்த விரிப்புகளில் திரைச்சீலை தைக்க வருமா? ஆறு ஜன்னலுக்கு எவ்வளவு துணி பிடிக்கும்? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

பெரிய மனுஷியை நன்றாகப் படிக்கச் சொல். அத்தானை நான் விசாரித்ததாகச் சொல்.

உன் தங்கை


ஜூலை 7

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கண்டு நிம்மதி. காய்ச்சல் முழுக்க விட்டதா? பலவீனத்தோடு வேலை செய்யாதே. நீ அனுப்பியதை உன் அத்தானிடம் கொடுத்தேன். அவருக்குப் பழம் ஆகாது, மெஷினில் இருப்பவர்கள் அதைத் தொடக் கூடாதாம். "என் மச்சினி குடுத்தது, வீணாக்கலாமா?" என்று, மகளுக்கு வரைகிற பென்சில்களும் தாளும் வாங்கிவந்தார்.

இவ்வளவு நாளும் நான்தான் அவரோடு மையத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். நீளமான அறை, சாய்வு நாற்காலிகள் வரிசையாக. ஒவ்வொருவர் கையிலிருந்தும் குழாய் போகும். நான்கு மணி நேரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கிழிந்த விரிப்பைத் தைப்பேன். அவரோ அறையையே சிரிக்க வைத்துக்கொண்டிருப்பார். நர்ஸிடம், "என் ரத்தத்தை நல்லா துவைங்கம்மா, எங்க வீட்டம்மா இஸ்திரி போட்டுக்குவா" என்பார்.

ஆனால் வாரத்துக்கு இரண்டு தடவை அரைநாள் விடுப்பு என்றால் சலவை நிலையத்தில் ஒத்துக்கொள்ளவில்லை. மேற்பார்வையாளர் முகத்துக்கு நேராகவே சொன்னார்: "இங்க ஆள் வேணும்மா. உங்க கஷ்டம் எனக்குப் புரியுது, விரிப்புக்குப் புரியாதே." அதனால் போன வாரத்திலிருந்து உன் அத்தான் தனியாகவே போய்வருகிறார். யோசித்துப் பார்த்தால் அதுவும் நல்லதுதான். என் கூலியும் போகாது, போக வர பஸ்ஸில் ஒரு டிக்கெட் மிச்சம். காலையில் கட்டணத்தை எண்ணி அவர் சட்டைப் பையில் வைத்து ஊசி குத்தி விடுகிறேன். மாலையில் நான் வரும்போது அவர் வீட்டில் இருக்கிறார்.

மகளுக்கு அடுத்த தவணை கட்டச் சொல்லி இருக்கிறார்கள். அதை மட்டும் எந்தப் பக்கம் இழுத்துப் பார்த்தும் எட்டவில்லை. படிப்பை நிறுத்திவிடலாமா என்று ஒரு பேச்சு வந்தது. அவர் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

ஆறு ஜன்னலுக்கு ஒன்பது விரிப்பாவது வேண்டும். உன் மாடி வீட்டில் இரண்டு ஜன்னல்தானே என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நலமாக இரு.
அக்கா


ஆகஸ்ட் 30

அன்புள்ள அக்கா,

நாங்கள் நலம். எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்?

உன்னிடம் மறைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது? வீட்டுக்கு முன்பணம் கட்டிவிட்டோம். மே மாதமே கட்டியாகிவிட்டது. அந்த விலையில் இனிமேல் கிடைக்காது, ஒரே ஒரு வீடுதான் மிச்சம் என்று அவசரப்படுத்தினார்கள். அத்தான் இப்படி இருக்கிற நேரத்தில் எந்த வாயால் சொல்வது என்றுதான் தள்ளிப்போட்டேன். கையில் இருந்த எல்லாவற்றையும் துடைத்துக் கொடுத்துவிட்டோம். இனி மாதாமாதம் வங்கித் தவணை. இவர் சம்பளத்தில் பாதிக்கு மேல் அதற்கே போய்விடும். பேப்பரில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த அன்று, பயத்தில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த மாதம் குடிபோகிறோம். நீ வந்து பார்க்க வேண்டும் என்று ஆசை. ஆனால் அத்தானை விட்டுவிட்டு வர முடியாது, எனக்குத் தெரியும். குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது அக்கா. கீழே மோட்டாரை நிறுத்த யாரும் இல்லை.

கோபமா? கோபமாக இருந்தாலும் எழுது.

உன் தங்கை


செப்டம்பர் 15

என் செல்லத் தங்கைக்கு,

கோபம் எதற்கு? சொந்த வீடு என்பது நம் இரண்டு பேர் குடும்பத்திலும் யாரும் பார்க்காதது. உன் அத்தான் கேட்டதும், "பாத்தியா, கஞ்சத்தனத்தில மாணவி வாத்தியாரையே மிஞ்சிட்டா" என்றார். வாழ்த்துச் சொல்லச் சொன்னார். தனியாக ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். திரைச்சீலைகள், ஆறு ஜன்னலுக்கும். வெள்ளையாக இருந்தால் விடுதி மாதிரி தெரியும் என்று மகள் நீலச் சாயத்தில் முக்கினாள். அங்கங்கே திட்டுத் திட்டாக இருக்கும், மடிப்பில் மறைத்துவிடு.

இங்கேயும் ஒரு நல்ல செய்தி. ரொட்டிக் கம்பெனியில் பழைய ஊழியர்களின் பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுக்கிறார்களாம். உன் அத்தான் போய்ப் பேசி வாங்கியிருக்கிறார். பணம் நேராகக் கல்லூரி அலுவலகத்துக்கே போய்விடும். மகள் குதித்தாள். இப்போது தினமும் கதவுப் பலகையைப் போட்டு உட்கார்ந்துவிடுகிறாள். யாருக்கோ பெரிய பெரிய வீடுகள் வரைகிறாள்.

உன் அத்தான்தான் கொஞ்சம் தளர்ந்துவிட்டார். முகம் ஊதியிருக்கிறது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குகிறார். தண்ணீர் அதிகமாகக் குடிக்கிறார் என்று டாக்டர் திட்டினாராம். நான் டம்ளரை அளந்துதான் கொடுக்கிறேன். "அங்க இருக்கிற மெஷின் பழசு, சரியா சுத்தம் பண்ண மாட்டேங்குது" என்கிறார். நான் வந்து கேட்கிறேன் என்றேன். "வேணாம், நீ சண்டை போட்டா அப்புறம் என்னைத்தான் குத்துவாங்க" என்று சிரித்து மழுப்பிவிட்டார்.

ஆனால் ஒன்று, தர்மப்பிரபு திருந்திவிட்டார். தேநீர்கூட வெளியில் குடிப்பதில்லை. இருபது வருஷம் நான் கத்தியும் வராத புத்தி, இப்போது வந்திருக்கிறது.

தவணையைத் தேதி தவறாமல் கட்டு. சாப்பாட்டில் மட்டும் கை வைக்காதே.

அக்கா


அக்டோபர் 2

அன்புள்ள அக்கா,

திரைச்சீலைகள் அளவெடுத்து வைத்த மாதிரி இருக்கின்றன. நீ வந்து பார்க்காமலே எப்படித் தைத்தாய்? எதிர்வீட்டுப் பெண்மணி எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று கேட்டாள். என் அக்கா தைத்தது என்று சொன்னேன். சொல்லிவிட்டு உள்ளே வந்து கொஞ்ச நேரம் அழுதேன். ஏனென்று கேட்காதே.

அத்தானை வேறு டாக்டரிடம் காட்டக் கூடாதா? வருஷக் கடைசியில் இவருக்கு ஊக்கத்தொகை வரும். வந்ததும் கட்டாயம் ஒரு தொகை அனுப்புகிறோம். இந்த முறை நானே இவரிடம் பேசி ஒப்புக்கொள்ள வைத்துவிட்டேன். இன்னும் இரண்டே மாதம்தான் அக்கா. அத்தானிடம் சொல், மச்சினி அனுப்பப்போகிறாள் என்று.

உன் தங்கை


நவம்பர் 9

அன்புள்ள அக்கா,

இப்போது உன்னிடம் நலமா என்று எப்படிக் கேட்பது? நீ சாப்பிடுகிறாயா என்று மட்டும் கேட்கிறேன்.

அன்று வந்த கையோடு நாங்கள் புறப்பட்டு வந்துவிட்டது உறுத்திக்கொண்டே இருக்கிறது. இவருக்கு விடுப்பு ஒருநாள்தான் கிடைத்தது. அத்தானைச் சுடுகாட்டுக்கு எடுத்துப்போன பிறகு நீ பாத்திரங்களைத் துலக்கிக்கொண்டிருந்தாய். நான் உன் பின்னால் நின்றேன். நீ திரும்பவில்லை. பெரிய மனுஷி வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஒன்றுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. வாரம் தவறாமல் இரண்டு நாள் போய்க்கொண்டிருந்த மனிதருக்கு எப்படி இப்படித் திடீரென்று? அந்த மையத்தில் ஏதோ தப்பு நடந்திருக்கிறது. நீ போய்க் கேட்க வேண்டும். இவரும் அதையேதான் சொல்கிறார்.

இதோடு கொஞ்சம் பணம் வைத்திருக்கிறேன். ஊக்கத்தொகையில் இவரை முன்கூட்டியே கேட்டு வாங்கச் சொன்னேன். மறுக்காதே. பெரிய மனுஷி படிப்பை விட்டுவிடக் கூடாது, அதற்கு உதவித்தொகை இருக்கிறதே என்பதுதான் ஒரே ஆறுதல்.

ஒரு வரியாவது எழுது அக்கா.

உன் தங்கை


டிசம்பர் 18

அன்புத் தங்கைக்கு,

சாப்பிடுகிறேன். வேலைக்குப் போகிறேன். நீ உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

நீ அனுப்பிய பணத்தைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று ஒருநாள் நினைத்தேன். மறுநாள் வாடகைக்குக் கொடுத்துவிட்டேன். அதைப் பற்றி நாம் இனிமேல் பேச வேண்டாம்.

மையத்தில் கேட்கச் சொன்னாய். கேட்டேன். ஆனால் அங்கே நான் சண்டை போடப் போகவில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

மகளுக்கு அடுத்த தவணை வந்தது. அப்பா இறந்துவிட்டதால் உதவித்தொகையை நிறுத்திவிடப் போகிறார்கள் என்று பயந்து, நான் ரொட்டிக் கம்பெனிக்குப் போனேன். காசாளர் உன் அத்தானை நன்றாகத் தெரிந்தவர். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். பிறகு, "அப்படி ஒரு உதவித்தொகை இங்க என்னைக்குமே கிடையாதேம்மா. யார் சொன்னாங்க?" என்றார். நான் ஏதோ தப்பாக நினைத்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

அங்கிருந்து கல்லூரி அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த அம்மாள் சொன்னாள்: "அவங்க அப்பாதானே மாசாமாசம் நேர்ல வந்து கட்டுவாரு. ஒரே தடவையில முடியாது, கொஞ்சம் கொஞ்சமா கட்டுறேன்னு கெஞ்சிக் கேட்டாரு. பொண்ணுக்குத் தெரிய வேணாம்னு சொன்னாரு. படி ஏற முடியாம கீழயே உக்காந்துக்குவாரு, நான்தான் இறங்கிப் போய் ரசீது குடுப்பேன்."

அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் மையத்துக்குப் போனேன், வேறு ஏதாவது சொல்ல மாட்டார்களா என்று. அந்த நர்ஸ் என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள். "வெள்ளிக்கிழமை அவர் வந்து ரொம்ப நாளாச்சும்மா. செவ்வாய் மட்டும்தான் வருவாரு. கேட்டா, வெள்ளிக்கிழமைக்கு கவர்மெண்ட் ஆஸ்பத்திரில இடம் கிடைச்சிடுச்சுன்னு சொன்னாரு. நீங்க கூட வந்துக்கிட்டிருந்த வரைக்கும் ஒழுங்கா வந்தாரே" என்றாள்.

அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமைக் காசையும் நான்தான் பையில் வைத்து ஊசி குத்தி அனுப்பினேன். மாலையில் "எப்படி இருந்துச்சு?" என்று கேட்பேன். "இன்னைக்கு நல்லா துவைச்சாங்க" என்பார். அந்த நேரமெல்லாம் எங்கே உட்கார்ந்திருந்தாரோ, எனக்குத் தெரியாது. ஊதின முகத்தைத் தினமும் பார்த்தேன். தண்ணீரைக் குறைத்தேன். ஒரே ஒரு வெள்ளிக்கிழமை, ஒரு அரைநாள் கூலியை விட்டுவிட்டு, இன்னொரு டிக்கெட் எடுத்துக்கொண்டு அவர் கூடவே போயிருந்தால் தெரிந்திருக்கும். எனக்குத் தோன்றவில்லை. மிச்சமாகிறதே என்றுதான் தோன்றியது.

மகளிடம் நான் எதையும் சொல்லவில்லை. கம்பெனி உதவித்தொகையை நிறுத்திவிட்டது என்று மட்டும் சொன்னேன். தவணை கட்ட வழியில்லை, கட்டியதைத் திருப்பித் தரவும் மாட்டார்களாம். போன மாதக் கடைசியில் நின்றுவிட்டாள். அவர் எதற்காக அப்படிச் செய்தாரோ, அதுவும் இல்லாமல் போய்விட்டது. சொன்னால் அவள் தாங்க மாட்டாள். அவள் வரைந்த ஒவ்வொரு தாளும் அவளுக்கு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்துவிடும். ஆயுசுக்கும் அதைச் சுமக்க அவளுக்கு என்ன தலையெழுத்து? நீயும் சொல்லிவிடாதே. மாப்பிள்ளையிடமும் வேண்டாம்.

இப்போது அவள் என்னோடு சலவை நிலையத்துக்கு வருகிறாள். மேற்பார்வையாளர் எங்கள் இரண்டு பேரையும் ஒரே மெஷினில் போட்டிருக்கிறார். விரிப்பின் ஒரு முனையை அவள் பிடிக்கிறாள், எதிர்முனையை நான்.

நேற்று திடீரென்று கேட்டாள்: "ஏம்மா, ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் ரொட்டி குடுத்தாரே அப்பா. நமக்குன்னு ஒரு நாளாவது ஏதாவது எடுத்து வச்சாரா? ஃபீஸ்கூட கம்பெனிக்காரன்தானே கட்டினான்?"

அப்பாவை நினைத்து அழத் தெரியாமல்தான் இப்படிக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

"துணியைப் பார்த்துப் பிடி, சுருக்கம் விழுது" என்றேன்.

இழுத்துப் பிடித்தாள். விரிப்பை மெஷினுக்குள் விட்டோம்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அக்கா